களத்தில் குறைந்த பேச்சு

1962 பெப்ரவரி 17, சனிக்கிழமை, பிற்பகல் நாலு பத்து. வானத்தில் ஒரு முகில் இல்லை. இரணைமடுப் பக்கமிருந்து வறண்ட காற்று. எங்கள் வயலில் அன்று சூடு மிதிப்பு, கதிரை மாடு விட்டு மிதித்து நெல் பிரிக்கும் வேலை. மாடுகள் ஆறு, ஆட்கள் ஐந்து. ஐந்தாவது ஆள் என் மனைவியின் தம்பி, வயது இருபத்தாறு. உதவிக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று நாள். சிறு வயதிலிருந்தே அவனுக்குத் தொய்வு. தூசி பட்டால் மூச்சு முட்டி நெஞ்சு இரையும். களத்துக்கு வரவேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம், அத்தான்" என்று சிரித்தான்.

களத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மாடு விட்டபின் நெல் அளந்து முடியும்வரை ஒருவரும் வெளியேறக்கூடாது. வீண்கதை கூடாது. "இல்லை", "போதாது", "ஏலாது" என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. வந்தால் நெல் குறைந்துவிடும் என்பார்கள். மைத்துனனோ வாய் ஓயாதவன். வந்த ரயிலில் பக்கத்தில் இருந்த கிழவரின் கதையை மட்டும் நாலு தரம் சொல்லியிருந்தான்.

நாலரைக்குப் பிறகு அவன் பேச்சுக் குறைந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "ஓம்". வெயிலை விட்டு இந்தப் பக்கம் வா என்றால் அதற்கும் "ஓம்".

"பாத்தியளே, களம் பொடியனுக்கு மரியாதை பழக்கிப்போட்டுது" என்றார் மாட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

ஐந்து மணிக்கு வைக்கோலில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, முன்னால் வளைந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. என்னுடையதை எண்ணினேன்: பதினெட்டு. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன்.

"அளந்து... போட்டு" என்றான்.

ஏலாது என்று சொல்லவும் வெளியேறவும் கூடாத இடத்தில் அவனிடம் அதைக் கேட்டிருக்கிறேன்.

ஐந்து நாற்பதுக்கு நெஞ்சின் இரைச்சல் நின்றது. சுகம் வந்துவிட்டது என்றார் மாட்டுக்காரர். கண் செருகியிருந்தது. நித்திரை என்று நினைத்து, சாக்கை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கவிட்டோம். ஆறேகாலுக்கு அளந்து முடிந்தது, நாற்பத்திரண்டு புசல். எழுப்பப் போனபோது உதடு நாவற்பழ நிறமாக இருந்தது.

சந்திக் கடைக்காரரின் கார் வர ஐம்பது நிமிடம். ஆஸ்பத்திரி ஒன்பது மைல். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஊசி போட்டுப் பார்த்தார். எட்டு ஐந்துக்கு நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, எப்போது தொடங்கியது என்று கேட்டார். எல்லா நேரங்களையும் ஒழுங்காகச் சொன்னேன்.

"ஒரு வசனத்தை ஒரு மூச்சில சொல்லேலாமல் போன உடன கொண்டு வந்திருக்கவேணும்" என்றார். "நாலரைக்கு. இரைச்சல் நிண்டது சுகத்தில இல்லை. காத்துப் போகேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

வீட்டில் மனைவி கேட்டது ஒன்றுதான்: "கடைசியா என்ன சொன்னவன்?"

நாலரையிலிருந்து அவன் பேசியது மொத்தம் நாலு சொல். நாலையும் சொன்னேன். தன் தம்பி அப்படிக் கதைக்கிறவன் இல்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். இன்றுவரை நம்பவில்லை.

கார், பெட்டி, அவனை யாழ்ப்பாணம் கொண்டுபோன லொறி எல்லாம் சேர்த்து நூற்றிருபத்தேழு ரூபா ஐம்பது சதம்.