இடப்பக்கம் போகும் பந்து

பிள்ளைகளே, மழை வருவதற்கு முன்னால் உங்கள் சின்னத் தாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்த்து நீங்கள் மூவரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரிக்கிறவர்தான். ஆனால் அவை சம்பளம் வாங்கிய முழங்கால்கள். கூடைப்பந்து ஆடுவதற்கென்றே ஈப்போவில் ஒரு முதலாளி அவருக்கு அரிசி அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அது ஜப்பான்காரன் காலம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருந்தோம். பால் வெட்டு நின்றுபோயிருந்தது. மரங்கள் சும்மா நின்றன, ஆட்களும் சும்மா நின்றார்கள். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் அதுவே. தீபாவளிக்கு மட்டும் அம்மா அதைக் கொஞ்சம் அழகாக வெட்டினார்.

என் சித்தப்பா, அதாவது உங்கள் சின்னத் தாத்தா, எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். அவ்வளவு உயரம். சண்டைக்கு முன்னால் ஒருநாள் ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குச் சாமான் வாங்கப் போனவர், உச்சித் தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை ஏணி இல்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தவுக்கேயிடம் ஒரு கூடைப்பந்துக் குழு இருந்தது. ஆட்டத்துக்கு ஒரு பால் டின் அரிசி, ஜெயித்தால் இரண்டு. எங்கள் வீட்டிலிருந்து சோறு கொதிக்கும் வாசனை வந்தால், சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று லயம் முழுவதும் தெரிந்துகொள்ளும்.

அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்காது. "ஆம்பளைக்குப் பந்து தூக்கிப் போடுறது ஒரு பொழப்பா?" என்று கேட்பார். அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டேதான் கேட்பார்.

அடுத்த தோட்டத்துத் தண்டலின் மகள்மேல் சித்தப்பாவுக்கு ஆசை. தண்டல் என்றால் ஆட்களை வேலைக்கு அனுப்பி மேற்பார்வை பார்க்கிறவர். அப்பா போய்ப் பெண் கேட்டார். தண்டல் சிரித்தே அனுப்பிவிட்டார்.

"பந்து போடுறவனுக்குப் பொண்ணு கொடுத்தா, நாளைக்குப் பட்டம் விடுறவனும் வந்து நிப்பான் லா."

சித்தப்பா நாலு நாள் குனியாமல் நடந்து, வாசலில் தலையை இடித்துக்கொண்டார். அப்புறம் வழக்கம்போலப் பந்தாட்டத்துக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து அந்தத் தண்டலே எங்கள் லயத்துக்கு வந்தார். டயர் கிடைக்காத காலம். சைக்கிள் சக்கரத்தில் ரப்பர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அவர் வருவதற்கு முன்பே அந்தக் கடகடச் சத்தம் வந்துவிட்டது. உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, ஈப்போவில ஒரு ஆட்டம் வைக்கிறானாம் ஜப்பான் ஆபீசர். ஜெயிக்கிற டீமை அங்கேயே வெச்சுக்கப் போறானாம். கையில எழுத்துப் போட்ட துணி கட்டி விடுவானாம். உங்க தம்பி கையில அந்தத் துணி இருந்தா மறுவாரமே தாலி கட்டட்டும். இல்லன்னா இந்தப் பேச்சை விட்டுடுவோம்."

பந்தைப் பழித்த மனிதருக்கு இப்படி ஒரு பந்துப் பைத்தியமா என்று எனக்கு ஆச்சரியம். பெரியவர்கள் பேச்சில் நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே! அப்போது சயாமுக்கு ரயில் போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மூன்று வேளையும் அரிசிச் சோறு என்று சொன்னார்கள். எங்கள் லயத்திலிருந்தே சிலர் ரயிலேறிவிட்டார்கள். "சித்தப்பா சயாமுக்குப் போனா தினமும் சோறு கிடைக்குமே?" என்றேன்.

அம்மா ஒரு கிழங்குத் துண்டை என் வாயில் வைத்து அடைத்தார். தண்டல் தரையைப் பார்த்தார்.

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தவுக்கேயின் பந்து கிழிந்துவிட்டது. ஈப்போ முழுக்கத் தேடியும் வேறு பந்து இல்லை. கரியில் ஓடும் லாரியில் ஏறித் தவுக்கே எங்கள் லயத்துக்கே வந்தார், கையில் அந்தப் பந்தை ரொட்டி மாதிரி மடித்துக்கொண்டு. தோட்டத்தாரோடு பழகிய தமிழ் அவருக்கு.

"பந்து செத்துப் போச்சு லா. இத்தன மரம் நிக்குது, இத்தன ஆளு நிக்குது. ரப்பர் ஒட்டத் தெரியாதா?"

அப்பா ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். அவரைப் பார்த்து ரப்பர் தெரியுமா என்று கேட்டால் விடுவாரா? வெடுக்கென்று பந்தைப் பிடுங்கிக்கொண்டார். நானும் அவரும் காட்டோரமாக நாலைந்து மரம் சீவிப் பால் எடுத்தோம். கிழிசலுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து, மேலே பாலைப் பூசி, புகையில் தொங்கவிட்டு, காய்ந்ததும் மறுபடி பூசினார். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. வருகிறவரெல்லாம் கிழிசலைத் தடவிப் பார்த்து, "இங்க மெல்லிசா இருக்கு, இன்னொரு கை பூசுங்க" என்றார்கள். தடிமனாக இருந்தால்தான் நல்ல ரப்பர் என்பது எங்களுக்கு ஊறிப்போன நினைப்பு. யார் சொன்னாலும் அப்பா பூசினார்.

காற்றடித்துப் பார்த்தால் பந்துக்கு ஒரு பக்கம் தொப்பை! சித்தப்பா தரையில் தட்டினார். அது எழும்பி, அவரைக் கண்டுகொள்ளாமல், இடப்பக்கமாகக் கிளம்பிப் போய்க் கோழிக்கூண்டில் மோதியது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். அப்பா மட்டும், "தரை சரியில்ல" என்றார்.

இனி என்ன செய்வது? சித்தப்பா ஒரு பீப்பாய் வளையத்தைப் புகைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து, தினமும் அந்தத் தொப்பைப் பந்தோடு மல்லுக்கட்டினார். கோழிகளுக்குள் பாய்ந்து பந்தை எடுத்து வருவது என் வேலை. பந்து திரும்புவதற்கு முன்னால் தான் திரும்பிக்கொள்ளக் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆட்டத்தன்று தவுக்கேயின் லாரியில் லயமே தொங்கிக்கொண்டு போனது. எதிர்க்குழு ஈயச் சுரங்கத்து ஆட்கள், மலை மலையாக இருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் இருந்த பந்து அது ஒன்றுதான். சுரங்கத்துக்காரன் ஒருவன் தட்டிக்கொண்டு ஓடினான். அவன் நேராக ஓட, பந்து ஆபீசர் நாற்காலிப் பக்கம் ஓடியது. எங்கள் குழுவின் சீனப் பையன்களுக்கும் அதே கதி. பிறகு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பந்து கிடைத்ததும் தரையில் படாமல் சித்தப்பாவிடம் வீசிவிடுவது. சுரங்கத்தார் சும்மா இருப்பார்களா? நாலு பேர் சித்தப்பாவைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

முடிகிற நேரத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து சித்தப்பா கையில். அப்போது கூட்டத்திலிருந்து தொண்டை கிழிய ஒரு குரல்:

"போடுடா மாப்ளே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்டல்! தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது தெரியாமல் நின்றார். என் அப்பாவோ, "வலப்பக்கமா பாத்துப் போடு, தொப்பை இழுக்கும்!" என்று கத்தினார். அன்றைக்குத்தான் தொப்பையை ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா வளையத்தைப் பார்க்காமல் வலப்பக்கத்து வானத்தைப் பார்த்துப் போட்டார். பந்து மேலே போய், யோசித்து, இடப்பக்கம் திரும்பி, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

ஆபீசரே சிரித்துவிட்டார். பந்தை வாங்கி அதன் தொப்பையை விரலால் அமுக்கிப் பார்த்தார். சித்தப்பா கையில் துணி கட்டினார்கள். நான் தண்டலைத் தேடினேன். அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்தபடி நின்றார். பந்து ஒரு வளையத்துக்குள் போனதற்கு ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவாரா?

மறுவாரம் கல்யாணம். புதுத்துணி கிடைக்காததால், சீன எழுத்துப் போட்ட குழுச் சட்டையை மஞ்சளில் முக்கி மாப்பிள்ளைக்குப் போட்டார்கள். தவுக்கே அரிசி கொண்டுவந்தார். புதுச் சின்னம்மா மாலையைக் கழற்றியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அந்தப் பந்து எங்க?" ஒரு தட்டுத் தட்டினார், நேரே பாயசச் சட்டிக்குப் போனது.

சண்டை முடிந்ததும் தைப்பிங், பினாங்கு என்று பல ஊர் முதலாளிகள் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அரிசி போய்ச் சம்பளம் வந்தது. முழங்கால் மறுக்கும்வரை ஆடினார். சின்னம்மா ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. கைக்குழந்தையோடு வந்து நடுவரைத் திட்டுவார். பந்து எனக்கு வந்தது.

போன வருஷம் தண்டல் தாத்தா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டுக் கைகழுவும்போது சித்தப்பா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "சயாமுக்கு ரெண்டு தோட்டத்துலேர்ந்தும் ஆள் அனுப்பச் சொல்லி மாமாவுக்குத்தான் உத்தரவு வந்துச்சு. என் உசரத்துக்கு என்னைத்தான் மொதல்ல பிடிச்சிருப்பானுங்க. அந்தத் துணி கையில இருந்தா தொட மாட்டானுங்கன்னு அவருக்குத் தெரியும். உங்க அப்பாவுக்கும் தெரியும்."

சயாமுக்குப் போன எங்கள் லயத்து ஆட்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். தினமும் சோறு கிடைக்குமே என்று கேட்டவன் நான்.

மறுநாள் காலையில், நீங்கள் பள்ளிக்குப் போனபிறகு, அலமாரி மேலிருந்த அந்தப் பந்தை எடுத்துத் துடைத்தேன். காற்று எப்போதோ போய்விட்டது. ரப்பர் உருண்டையாகவே காய்ந்து கல்லாகி இருந்தது. தட்ட முடியாது. முற்றத்தில் வைத்து மெல்ல உருட்டிவிட்டேன். கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடப்பக்கம் திரும்பி, வேலியோரம் நின்றது. நான் போய் எடுத்து வந்தேன்.