யானையோடு போன சீட்டு

ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டாலே மகளுக்கு வயிறு வலிக்கும். ஏழு வயதில் பள்ளியை நிறுத்தினோம். அவளுக்குத் தோன்றுவதை அவளாகவே கற்கட்டும், கேட்காத எதையும் சொல்லித் தரக் கூடாது என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். அவர் அதை இன்றுவரை கடைப்பிடிக்கிறார். எனக்கு நாலு நாள்கூடத் தாங்கவில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு முறை அதைத் திட்டிவிடுகிற ஆள் நான்.

விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை இருக்கிறது. மகள் நாள் முழுக்க அங்கேதான். அச்சைத் தட்டிப் பார்த்தே உள்ளே மண் காய்ந்துவிட்டதா என்று சொல்வாள். சூளையிலிருந்து வந்த யானையையும் வாத்தையும் பழைய தாளில் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவாள். எட்டு வயதாகியும் ஒரு வரி வாசித்து நான் பார்த்ததில்லை.

கல்யாண வீட்டில், “பாப்பா எத்தினியாவது படிக்குது?” என்று யாராவது கேட்பார்கள்.

“படிக்கல, பொம்ம கட்டுறேன்” என்பாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் சாம்பார் வாளியைப் பார்ப்பேன்.

ஒருநாள் பொறுமை போய், “ஜூனுக்குள்ள படிக்கலன்னா மறுபடி ஸ்கூலுதான்” என்று சொல்லிவிட்டேன். முயலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவே இல்லை. “தானா வந்துடும், வுடு” என்றார் கணவர். பயமாக இருந்தது எனக்குத்தான்.

சொல்லித் தரக் கூடாதே தவிர, தூண்டில் போடலாம் அல்லவா? கதைப் புத்தகம் ஒன்றை மறந்து வைத்ததுபோல் பொம்மை கட்டும் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பட்டறையில் அந்தப் பெஞ்சில் கிடக்கும் எந்தத் தாளும் சுற்றுவதற்குத்தான். அது எனக்குத் தெரியாததா? சாயங்காலம் புத்தகம் வாத்துகளோடு பெண்ணாடம் கடைக்குப் போயிருந்தது. இப்படியே மூன்று புத்தகங்கள் போயின. பிறகு அட்டையில் பெரிது பெரிதாக எழுத்தும் படமும் வரைந்து வைத்தேன். அவை யானைகளின் காலிடுக்கில் முட்டுக் கொடுக்கப் போயின.

மே மாதம் வேப்பூர் கடைக்காரர் போன் செய்தார். “அக்கா, ஒரு யானைக்குக் காது சின்னதா இருக்குது.”

“திருப்பி அனுப்பிடுங்க, வேற தரோம்” என்றேன், பட்டறையில் யாரைத் திட்டலாம் என்று யோசித்தபடி.

“அதெல்லாம் வேணாங்க. நீங்கதான் சீட்டு எழுதி வச்சிருக்கீங்களே. யானையையும் சீட்டையும் ஒண்ணா ஷோகேஸ்ல வச்சிட்டேன்.”

“என்ன சீட்டு?”

அவர் வாசித்தார்: “இந்த யானைக்கு ஒரு காது சின்னது. அதுக்கே தெரியும். திட்டாதீங்க.”

போட்டோ அனுப்பச் சொன்னேன். பென்சிலில் கோணல்மாணலான எழுத்து. இன்னொரு போட்டோவில் அட்டையின் மறுபுறம், நான் வரைந்த ஆடு. யானைக்காக எழுதியது மட்டும் இல்லை அது.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “எப்பலேருந்து படிக்கத் தெரியும்?”

“பொங்கலுக்கு முன்னாடியே. சுத்துற பேப்பருல பாத்துப் பாத்து வந்துடுச்சு. தெரியாதத அப்பாகிட்ட கேட்டேன். நீ வச்ச புக்கையும் படிச்சிட்டுதான் சுத்துனேன்.”

கணவர் சட்டென்று சூளைப் பக்கம் நகர்ந்தார்.

“ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னப்பயாவது சொல்லக் கூடாதா?”

“ஜூனுக்குதான் இன்னும் நாளு இருக்குதே. கடைசி நாளு சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ கணக்கு ஆரம்பிச்சிடுவ.”

என் கைப்பையில் புத்தம் புதிய வாய்ப்பாடு இருந்தது. எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் தாளைக் கிழித்து வாத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் வைக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.