கதிர் பட்ட ரப்பர் பால்

என் அக்கா குனோங் ராபாட் சந்தையில் மீன் விற்கிறாள். ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறையிலிருந்து வரும் மீனை மதியம்வரை வெட்டிக் கழுவ வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசியும். ரப்பரை இறுக வைக்கச் சேர்க்கும் ரசாயனம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிளாஸ்டிக் உறையோ மீனை வழுக்கவிட்டது.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில், அந்த ரசாயனங்கள் இல்லாமல் காமா கதிரால் ரப்பர் பாலை இறுக வைக்கும் வேலையில் இருந்தேன். கதிர் பட்டதும் பாலிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் உடையும். அந்தத் துண்டுகள் கண் இமைப்பதற்குள் பிறந்து மறைந்துவிடும். அதற்குள் பக்கத்திலுள்ள ரப்பர் இழைகளைத் தாக்கி, அவை ஒன்றோடொன்று பிணைய வழி செய்துவிடும்.

“ஒனக்கு ஒரு ஜோடி செஞ்சு தாரேன்க்கா” என்றேன்.

“கதிர் அடிச்சதா? வேணாம்லா! இருக்கிற சொறி போதாதா?”

“வெயில்ல காயப்போட்ட துணிய மடிச்சு வச்சா, அதுக்குள்ள வெயில் இருக்குமா? அப்படித்தான். கதிர் வந்து போயிடும்.”

அரைமனதாகச் சம்மதித்தாள். என் மேலதிகாரியும், போட்டுப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்தான் என்றார்.

முதல் ஜோடி அவள் மாட்டும்போதே மணிக்கட்டில் கிழிந்தது. “இதுக்கா இவ்ளோ படிப்பு?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலில் கரைந்திருந்த காற்றுதான் கெடுத்திருந்தது. ரப்பர் இழைகள் பிணைவதற்குள் ஆக்சிஜன் குறுக்கே புகுந்துவிட்டது. அடுத்த முறை நைட்ரஜன் வாயுவை நெடுநேரம் பாலுக்குள் குமிழியிட வைத்து, காற்றை விரட்டிவிட்டுக் கதிருக்கு அனுப்பினேன். அந்தப் பாலில் கை வடிவ அச்சை முக்கி எடுத்த உறை, இழுத்தால் நீண்டு, விட்டதும் சுருங்கியது.

அதைப் போட்டுக்கொண்டு அக்கா சந்தையில் ஒரு பெரிய சிவப்பு மீனை வெட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“கிழியல. ஆனா ரொம்ப மொத்தமா இருக்குடி. முள்ளு எங்க இருக்குன்னே தெரியல.”

மெல்லியதாக இன்னொன்று செய்தேன். அதற்குப் பிறகு அவள் குறை சொல்லவில்லை. புண்கள் மெல்லக் காய்ந்தன. புதுத்தோல் வெளிறிப்போய் வந்தது.

அந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தாள். புண்ணில் காரம் எரியும் என்று மாதக்கணக்கில் கரண்டியால் சாப்பிட்டவள், மீன்குழம்பை ஊற்றிச் சோற்றைக் கையால் பிசைந்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார்.

“என்னா பாக்குறீங்க? இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க” என்றாள் அக்கா.