மந்திரித்த தண்ணீர் விட்ட போத்தல்கள்

எழுந்து நின்று சாட்சி சொல்லக் கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடி வைக்க மனம் வரவில்லை.

வங்காலை எங்கள் ஊர். அப்பாவுக்குக் கடற்றொழில். மண்ணையும் பாறையையும் பற்றிய புவிச்சரிதவியல் படித்த நான், நிலத்தடி நீர் பற்றி மேற்படிப்புப் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். போன வருடம் நிராகரித்துவிட்டார்கள். இந்த முறை, எங்கள் ஊர்க் கிணறுகளில் கடலுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓர் ஆய்வும் சேர்த்து அனுப்ப நினைத்தேன். தண்ணீர் எடுக்கப் போனால் பலர் வாசல் படலையைத் திறக்கவே இல்லை. உப்பு என்று தெரிந்தால் கிணற்றை மூடச் சொல்வார்களோ என்ற பயம். நாயாய் அலைந்து சில போத்தல்களை நிரப்பினேன். திங்கட்கிழமை அவற்றை யாழ்ப்பாணத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாரத்தோடு விண்ணப்பம் முடிகிறது.

சனிக்கிழமை அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பிள்ளை, உன்ர போத்தல் எல்லாத்துக்கும் மந்திரிச்ச தண்ணி விட்டனான். இந்த முறை கட்டாயம் கிடைக்கும்."

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாதர் உப்புச் சேர்த்துச் செபித்துத்தான் தண்ணீரை மந்திரிப்பார். நான் அளக்க வைத்திருந்ததோ உப்பை!

"எல்லாத்தையும் கெடுத்துப் போட்டியளே அம்மா!" என்று கத்தினேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து அழுதார். நான் கோயிலுக்கு ஓடினேன். செபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, இனி என்னால ஏலாது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பூசை முடிய, நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத என் அம்மா, பாதரிடம் கேட்டு மைக்கைப் பிடித்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "பிழை என்ர. என்ர பிள்ளைக்கு உங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் குடுங்கோ."

கோயிலே சிரித்தது. என்னை முன்பு உள்ளே விடாத ஓர் அக்காதான் முதலில் வந்தார். "வா தங்கச்சி, எங்கட வீட்டிலயிருந்து தொடங்கு. குடிக்கிறது எங்கட பிள்ளையள்தானே, உப்போ இல்லையோ எண்டு தெரியட்டும்."

அன்று ஒரு படலையும் எனக்கு மூடியிருக்கவில்லை. கரையோரக் கிணறு முதல் வயலோரக் கிணறு வரை தண்ணீர் எடுத்தேன். உப்பு எந்தப் பக்கத்தால் ஏறுகிறது என்று முடிவுகளில் தெளிவாகத் தெரிந்தது. பழைய போத்தல்களை மட்டும் நம்பியிருந்தால் அது தெரிந்தே இருக்காது. நேர்முகத்தில் பேராசிரியர், "ஊர் முழுவதும் எப்படி ஒத்துழைத்தது?" என்று கேட்டார். அம்மாவின் கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். இடம் கிடைத்தது.

அன்பானவர்களே, நான் அழுதது என் சில போத்தல்களுக்காக. அவர் தந்தது ஊர் முழுவதையும். எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றினால், வார்த்தை வராவிட்டாலும் அவரிடம் போங்கள். அழுதாலும் அவருக்கு விளங்கும்.

நாளை புறப்படுகிறேன். இன்று காலை அம்மா மந்திரித்த தண்ணீரோடு என் பெட்டிக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார்.

"இதுக்குத் தெளிக்கலாமோ, பிள்ளை?"

"முதல் என்ர தலையில தெளியுங்கோ அம்மா" என்று குனிந்தேன்.