ஆண் என்று எழுதப்பட்ட என் மகள்

சான்றிதழை வாங்கி வந்த அன்று நாங்கள் சிரிக்கத்தான் செய்தோம். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் பாலினம் என்ற இடத்தில் ‘ஆண்’ என்று இருந்தது. “பையன் வேணும்னு அவனவன் கோயில் கோயிலா அலையறான். நமக்கு சும்மாவே எழுதிக் கொடுத்துட்டாங்க” என்றாள் அம்மா. நாளைக்கே போய்த் திருத்தி வாங்கிவிடலாம் என்றார் அப்பா. இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் நடந்தது இது.

பிரசவத்துக்காக நான் மஸ்கட்டிலிருந்து பீர்க்கன்கரணையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கணவர் அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கர். ஆறு மாதத்துக்கு மேல் நான் அந்த நாட்டுக்கு வெளியே தங்கினால் என் விசா ரத்தாகிவிடும். அதில் பாதி நாள் பிரசவத்துக்கு முன்பே தீர்ந்திருந்தது. மிச்ச நாளில் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கி, அதன் எண்ணை அனுப்பி, கணவர் அங்கே அவளுக்கு விசா எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் இந்தச் சான்றிதழ் வேண்டும்.

மறுநாள் போன அப்பாவிடம் பதிவு அலுவலக எழுத்தர், “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததைத்தான் ஏத்தியிருக்கோம். அங்க போய்க் கேளுங்க” என்றார். மருத்துவமனையிலோ வரவேற்பில் இருந்த பெண் தங்கள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். “பாருங்க சார், ஃபீமேல்னுதான் இருக்கு. நாங்க கரெக்டாதான் அனுப்பியிருக்கோம்.” அதையே எழுதித் தாருங்கள் என்று கேட்டால், பிரசவம் பார்த்த டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். டாக்டரோ மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும், “அவங்க மேலயும் தப்பில்லம்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல” என்பார். எழுத்தர் மீது வந்ததைவிட அப்பா மீதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. மஸ்கட்டிலிருந்து கணவர் போனில், “ஒரு வார்த்தையை மாத்த இவ்ளோ நாளா? நீ நேர்ல போய்ப் பேசினியா இல்லையா?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவுடன் நானே போனேன். சிசேரியன் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே, “ப்ரூஃப் வேணும்மா” என்றார். எனக்குள் என்ன வந்ததோ, குழந்தையை அவர் மேசை மீது கிடத்தி, இடுப்புத் துணியை அவிழ்த்துவிட்டேன்.

“இதுதான் சார் ப்ரூஃப். நல்லா பாத்துக்கோங்க.”

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து, “இன்னாம்மா இது, பச்சக் கொழந்தைய இப்டி பண்ணிக்கினு!” என்று தன் முந்தானையால் குழந்தையை மூடினார். எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான் பாத்து என்னம்மா பண்றது? டாக்டர் எழுதித் தரணும்” என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். குழந்தை பசியில் அழுதாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக டாக்டர் திரும்பி வந்து கடிதம் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு எழுத்தர், “இதுல ஆஸ்பத்திரி சீல் இல்லையே” என்றார். ‘சரி சார்’ என்று அப்பா திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் எழுந்திருக்கப் போறதில்ல சார். முப்பது வருஷம் நானும் இந்த மாதிரி சீட்லதான் இருந்தேன். வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க.”

எழுத்தர் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார். அப்பா அசையவில்லை. உள்ளறையிலிருந்து வந்த அதிகாரி என்னவென்று விசாரித்தார். கடிதத்தை நின்றபடியே படித்து ஓரத்தில் கையெழுத்திட்டார். “இதுக்கா இத்தனை நாளு?” என்று எழுத்தரைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கையெழுத்துக்காகவா இத்தனையும் என்று மனம் இன்னும் கொதித்தது.

திருத்திய சான்றிதழ் கிடைத்து, பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் என் விசா ரத்தாகிவிட்டது. கணவர் இருவருக்கும் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்தார். அதற்குள் மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், முதல் பல்லும் முளைத்தது. எல்லாவற்றையும் அவருக்குப் போனில்தான் சொன்னேன்.

மஸ்கட் விமான நிலையத்தில் அவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி ஓடி வந்தார். மகள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

“பழகிடுவா” என்றேன்.

அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். கார் கிளம்பி நெடுந்தூரம் போன பிறகும் அவள் அழுகை ஓயவில்லை. அவர் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.