இரும்புக் கதவைத் தட்டும் சத்தம்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் உள்ள என் வீட்டு ஸ்டோர் ரூமில், ஆன்லைனில் வாங்கிப் பிரிக்காமலே குவித்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ வாசல் இரும்புக் கதவைத் தட்டினார்கள். என் கை தானாக மின்விசிறியை நிறுத்தியது.

லிட்டில் இந்தியாவில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலிருந்த எங்கள் பழைய வீட்டிலும் இப்படித்தான். தவணைப் பணம் கேட்டு வருபவர் கதவை உலுக்கியதும் அம்மா ரேடியோவை அணைத்துவிடுவார். அப்பா கடனில் வாங்கிய அலமாரிகளுக்கு நடுவே மூவரும் ஒளிந்திருப்போம். கீழிருந்து மிளகாய் நெடி ஏறும். நான் தும்மிவிடாமல் அம்மா என் மூக்கை அழுத்திப் பிடிப்பார்.

"அக்கா, உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும் லா."

அந்தக் குரலில் கோபமே இருக்காது. ஆனாலும், எல்லோரையும் அதட்டும் அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்குவார். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் செய்த ஏதோ குறும்புக்குத்தான் அந்தத் தவணைக்காரர் வருகிறார் என்று வெகுகாலம் பயந்திருந்தேன்.

இப்போது வாசலில் மறுபடி தட்டினார்கள். என் மகள் அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"ஏம்மா ஒளிஞ்சிருக்கோம்?"

"அம்மாவோட கார்டு கடன் ரொம்ப ஏறிடுச்சு. ஓவர்டைம் பார்த்தும் கட்ட முடியல. உன்மேல எந்தத் தப்பும் இல்ல."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பார்சல்காரர்தான். அவர் நீட்டிய பெட்டியைத் திருப்பியனுப்பினேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

இல்லை என்று தலையசைத்தேன். என் கணவர் வேலை முடிந்து வரும் நேரமாகியிருந்தது. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, அவருக்காகக் கூடத்தில் உட்கார்ந்தேன்.