பவி கடித்த பலகை

கிட்டார் கடை வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்காரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி நேரம் மரத்தூள் கூட்ட வேண்டும், மீதி நேரம் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாமும் நிற்க வேண்டும். துணிக்கடையிலோ செருப்புக்கடையிலோ கால் கடுக்க நிற்கிற உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எங்கள் கடை கொச்சி மட்டாஞ்சேரியில், முன்பு சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கில் இருக்கிறது. மழை பெய்தால் சுவரில் இன்னும் சுக்கு வாசம் வரும். முன்பக்கம், பேக்டரியில் செய்து பெட்டியில் வருகிற எலக்ட்ரிக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கும். பின்பக்கம் முதலாளி ஜோஸி சேட்டன், கேட்கிறவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கையால் செய்து கொடுப்பார். பெயிண்ட் அடிக்கவும் வயர் இணைக்கவும் ஷாஜி. கூட்டவும், உப்புத்தாள் தேய்க்கவும், சாயா வைக்கவும் நான். என் வீட்டுக்காரர் டைல்ஸ் வேலைக்கு வந்தபோது திண்டுக்கல் பக்கத்திலிருந்து கூட வந்தவள். ஏழாவதோடு படிப்பு நின்றது. பேச்சும் எனக்குக் குறைவு, யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். இங்கே எல்லாரும் மலையாளத்தில் பேசியதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

என் மகள் பவியைக் கைக்குழந்தையிலிருந்து கடைக்குத்தான் தூக்கி வருகிறேன். நான் சொல்லப்போவது நடந்த சமயத்தில் அவளுக்கு மூன்று வயது ஆகவிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்று டாக்டர் சொன்னார். பெற்றவளுக்குத்தானே தெரியும், பொறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

மூன்று தட்டு

காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் வரிசையாக எட்டுச் சனிக்கிழமை வந்தார். பேக்டரி கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பார், நன்றாக இருக்கிறது என்பார், மாட்டிவிடுவார். அப்புறம் பின்பக்கம் போய், “எனக்குன்னு ஒண்ணு செஞ்சா எப்படி இருக்கும் சேட்டா?” என்று ஆரம்பிப்பார். எல்லாம் விசாரித்துவிட்டு மறுபடியும் முன்பக்கம். நான் கூட்டிய தூளெல்லாம் அவர் காலோடு முன்னும் பின்னும் போய் வந்தது.

எட்டாவது சனிக்கிழமை சேட்டனுக்குப் பொறுமை போய்விட்டது. கையால் செய்வதென்றால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவரே பலகையை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டி, உடனே காதை ஒட்டி வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்ல மரம். இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வந்த தேக்குக் கதவின் பலகையைச் சேட்டன் அவர் முன்னால் நிறுத்தினார். “பேக்டரி கிட்டார் புது வீடு மாதிரி, உள்ளே யாரும் இல்லை. பழைய மரத்தில ஆள் குடியிருக்கும். தட்டிப் பாருங்க” என்றார்.

அவர் தட்டினார், காதை வைத்தார். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது. முன்பக்கம் வந்து, கைக்கு எட்டிய பேக்டரி கிட்டாரைக் கழற்றி, பையில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது குனிந்து மெதுவாகச் சொன்னார்: “நான் மூணு தட்டுத்தான் தட்டினேன் சேச்சி. உள்ளேருந்து நாலு கேட்டுச்சு.”

அச்சு அசல்

போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் தினம் சாயங்காலம் வாசிக்கிறவர் வந்தார். அவரிடம் பதினைந்து வருஷமாக ஒரு பேக்டரி கிட்டார் இருக்கிறது. அதைத் தவிர வேறெதிலும் கை போகாது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் அதே மாதிரி ஒன்றைக் கையால் செய்துதரச் சொன்னார். அதே மாதிரி என்றால் அதன் கீறல், தேய்ந்த இடம், சிகரெட் சுட்ட புள்ளி எல்லாவற்றோடும். சேட்டனும் விடவில்லை. முடித்து இரண்டையும் மேசையில் வைத்தபோது எது எது என்று அவருக்கே தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இரண்டையும் எடுத்துப் போனார்.

பத்து நாளில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோயிருக்கிறார். ஹோட்டலில் நாற்காலியில் இடித்து அடியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தால், அதிலும் அதே இடத்தில் சில்லு. நான் இரண்டையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அதே அளவு, அதே வளைவு. அவர் சேட்டனைப் பார்த்துக் கேட்டார்: “பத்திரத்துக்குத்தான் ரெண்டாவது செஞ்சேன். இப்போ நான் எதைப் பத்திரமா வைக்கிறது?”

வேலியேற்றம்

வைப்பின் தீவிலிருந்து ஆன்டப்பன் சேட்டன், ஒரு வள்ளத்தின் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு படகேறி வந்தார். அவருடைய அப்பா மீன்பிடித்த வள்ளம். ஒரு நாள் வள்ளம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. “வீட்டில பேக்டரி கிட்டார் ஒண்ணு இருக்கு. நல்லாத்தான் பாடுது. ஆனா யாருக்கு வாசிக்கிறேன்னு எனக்கே தெரியல” என்றார். பலகையில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் ஜோஸி சேட்டன் அதிலேயே செய்து கொடுத்தார்.

ஒரே மாதத்தில் திரும்ப வந்தார். சுருதி நிற்கவில்லையாம். தினம் இரண்டு தடவை எல்லாக் கம்பியும் ஒன்றாக இறங்குகிறது, பிறகு தானாகவே ஏறிவிடுகிறது. ஜோஸி சேட்டன் கம்பி முறுக்குகிற ஆணிகளையெல்லாம் மாற்றி, கிட்டாரைக் கடைச் சுவரில் மாட்டி வைத்தார். துடைக்கிற வேலை என்னுடையது அல்லவா, நான்தான் முதலில் பார்த்தேன். சில நேரம் பலகை ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தால் உப்பு. எந்த நேரம் என்று பிடிபட ஒரு வாரம் ஆனது. கடைக்குப் பின்னால் தினம் இரண்டு தடவை காயல் தண்ணீர் ஏறி எங்கள் படியை நனைக்கும், வேலியேற்றம் என்பார்கள். தண்ணீர் ஏறினால் கிட்டாரில் சுருதி இறங்கும். தண்ணீர் வடிந்தால் சுருதி ஏறும்.

நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் நான் ஷாஜியிடம் சொன்னேன், ஷாஜி ஆன்டப்பன் சேட்டனிடம் சொன்னான். கோபப்படுவார் என்று சாயாக் கிளாஸோடு ஒதுங்கி நின்றேன். அவர் கிட்டாரை முண்டால் துடைத்து, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னார்: “அப்பச்சன் வேலைக்குப் போற நேரத்தில நான் வாசிக்கக் கூடாது. அவ்வளவுதானே?”

தொட்டில் கட்டிய இடம்

இது என்னுடைய தவறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற தாய்மார்கள் என்னைத் திட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கும்பளங்கியில் நிபின் என்று ஒருவர், கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவர். எங்கள் சுவரில் தொங்குகிற கறுப்பு பேக்டரி கிட்டார் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. வரும்போதெல்லாம் அதைத்தான் எடுப்பார். ஆனாலும் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று, வீட்டில் வெட்டிய பலாமரத்தின் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சை மரம் காய வேண்டும். இரண்டு மழைக்காலம் அது பின்பக்கத்துத் தாங்கியில் நின்றது. கடையிலேயே தூள் பறக்காத மூலை அது ஒன்றுதான். என் பழைய சேலையில் பவிக்குத் தொட்டில் கட்டியதும் அந்தத் தாங்கியில்தான். தொட்டிலில் கிடந்தால் அவள் வாய் சரியாகப் பலகை மேல் இருக்கும். பல் முளைத்த நாளில் அதன் முனையைக் கடித்தாள். பிறகு வாயை ஒட்டி வைத்து ம்ம்ம் என்று முனகிக்கொண்டே தூங்குவாள். தொந்தரவு இல்லாத பிள்ளை என்று நானும் நிம்மதியாக உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். இவளிடம் இருந்த முனகலும் மெல்ல மெல்லக் குறைந்தது. பலகை காய்ந்து, சேட்டன் அதை அறுக்க எடுத்த அன்றோடு சுத்தமாக நின்றுவிட்டது. பேசாத அம்மாவுக்குப் பேசாத பிள்ளை என்று ஊரிலிருந்து என் மாமியார் போனில் சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஷாஜி விளையாட்டாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை: “ரெண்டு வருஷமா எல்லாத்தையும் மரத்துக்கிட்டயே சொல்லிட்டாளே செல்வி, நம்மகிட்ட சொல்ல என்ன பாக்கி இருக்கும்?”

மூச்சு வாங்கிய இரைச்சல்

பலாக் கிட்டார் தேன் தடவின மாதிரி மஞ்சளாக வந்தது. பவியின் பல் பட்ட முனையைச் சேட்டன் அறுத்து எறியவில்லை. “கையால செஞ்சதுக்கு இப்படி ஒரு அடையாளம் வேணும்” என்று மெருகு போட்டு அப்படியே விட்டுவிட்டார். உற்றுப் பார்த்தால் நாலு சின்னப் பல் தெரியும்.

ஷாஜி அதை முதன்முதலாக ஸ்பீக்கரில் மாட்டினான். எலக்ட்ரிக் கிட்டாரில் வயர் சரியில்லை என்றால் ம்ம்ம் என்று இரைச்சல் வரும், கம்பியில் கை வைத்தால் நிற்கும். இதிலும் இரைச்சல் வந்தது. கை வைத்தான், நிற்கவில்லை. பிரித்து மறுபடி இணைத்தான். மூன்று தடவை. அதே ம்ம்ம். சேட்டன் ஸ்பீக்கர் பக்கத்தில் குனிந்து கேட்டார். துடைப்பத்தோடு நின்ற எனக்குத்தான் முதலில் தெரிந்தது. சாதாரண இரைச்சல் ஒரே இழுப்பாக இழுக்கும். இது நடுநடுவே நின்று மூச்சு வாங்கியது.

பவி மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். உள்ளே சத்தம் நின்றது. திரும்ப வாசலில் கால் வைத்தேன், ஆரம்பித்தது. சேட்டன் வயரைப் பிடுங்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷாஜி கையிலிருந்ததைக் கீழே வைத்தான்: “என் வேலை முடிஞ்சுது சேட்டா. இதுக்கு இனி வயர் வேண்டாம், தாலாட்டுதான் வேணும்.”

நான் சொன்ன முதல் அபிப்பிராயம்

நிபின் ஒரு மழைக் காலையில் கிட்டாரை வாங்க வந்தார். அது கும்பளங்கிக்குப் போனால் என் பிள்ளையின் பேச்சும் அதே பையில் போய்விடும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் மரம் அவர் வீட்டு மரம், செய்யச் சொன்னவரும் அவர். நான் எந்த வாயால் தடுப்பது? எப்படியோ நிபினிடம் சொல்லிவிட்டேன், “கறுப்பே நல்லா இருக்கும் சேட்டா.”

ஜோஸி சேட்டன் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக “சாயா ஆறுது” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவள் நான். “அதென்ன, கறுப்பு?” என்று நிபின் சிரித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “அது புதுசு. உள்ளே யாரும் இல்லை.” அவர் இன்னும் சிரித்துக்கொண்டே பலாக் கிட்டாரைத் தோளில் மாட்டி, வயரை ஸ்பீக்கரில் சொருகிக் கம்பியில் விரலை இழுத்தார்.

கம்பி அசைந்தது, கம்பியின் சத்தம் வரவில்லை. ம்ம்ம் என்றுதான் வந்தது. பவி எழுந்து அவரிடம் நடந்துபோனாள். பல் பதிந்த முனையில் வாயை வைத்தாள். இரைச்சல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் “என்டே” என்று ஒரு குரல். என்னுடையது என்று அர்த்தம். அது முதலில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பிறகுதான் பவி தலையைத் தூக்கி, வாயைத் திறந்து அதையே சொன்னாள்.

நான் அவளை வாரி எடுத்தேன். மறுபடி சொன்னாள், மறுபடி மறுபடி சொன்னாள், என் காதுக்குள்ளேயே சொன்னாள். சேட்டன் எட்டி ஒரு கம்பியைச் சுண்டினார். வெறும் கம்பிச் சத்தம், வெறும் மரச் சத்தம். எந்தக் குறையும் இல்லாத நல்ல கிட்டார். நிபின் அதைக் கழற்றி மேசையில் மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரி வைத்தார். சுவரைக் காட்டிச் சொன்னார்: “மரம் எங்க வீட்டுதுதான் சேட்டா. ஆனா அதுக்கு உடமைக்காரி வந்துட்டா. எனக்கு அந்தக் கறுப்பையே எடுத்துக் குடுங்க.”

இப்போது வாய் மூடாமல் பேசுகிற பவி, கையால் செய்த கிட்டார் ஒவ்வொன்றிலும் காதை வைத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பேர் சொல்லிவிடுவதால், எங்கள் கடையில் பேக்டரி கிட்டார்தான் அதிகம் போகிறது.